மலைச்சரிவில் ஒரு சமதரை

விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வீரர்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். எத்தனை ஓட்டங்கள் எடுக்கப்பட்டன, எத்தனை விக்கெட்டுகள் வீழ்ந்தன, எக்கிண்ணம் எவர் கைக்குச் சென்றது என்பனவே ஏடுகளில் இடம்பெறுகின்றன. ஆயின் வீரன் தோன்றுமுன் ஒரு மைதானம் தோன்றியாக வேண்டும். அம்மைதானத்துக்குரிய நிலத்தை ஊரை நடத்துவோர் எவரேனும் ஒதுக்கித் தந்திருக்க வேண்டும். கொத்மலை, தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா எனப் பரந்து கிடக்கும் இலங்கையின் தேயிலை மலைநாட்டில் வீரர்களின் கதையிலும் நிலத்தின் கதையே முந்தியது. அங்கு மலையும் அருவியும் பள்ளத்தாக்கும் நிரம்ப உண்டு, சமதரை அரிது.

ஊர்ப் பெரியோரின் ஆதரவால் ஒரு விளையாட்டு இளைஞரிடையே எவ்வாறு வேரூன்றும் என்பதற்கு அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டம் தக்க சான்றாகும். பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போட் என்னும் ஒரு நகர் உண்டு. 1939 ஆம் ஆண்டில் அந்நகரவாசியான காள் ஸ்டொட்ஸ் என்பார் சிறுவர்க்கெனத் தனியே ஒரு பேஸ்போல் கழகத்தைத் தொடங்கினார். பெரியோர் ஆடும் களத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 90 அடி தூரம் உண்டு. சிறுவரின் கால்களுக்கு அது மிகையெனக் கண்ட அவர், அதனை 60 அடியாகக் குறைத்துக் களம் அமைத்தார். சீருடைக்கும் மட்டைக்கும் வேண்டிய பணத்துக்காக நகரத்து வணிக நிலையங்களின் படியேறினார். பலர் மறுத்தனர், மூன்று நிறுவனங்கள் இசைந்தன, மூன்று அணிகள் பிறந்தன. ‘லிட்டில் லீக்’ எனப் பெயர்பெற்ற அக்கழகம் பின்னர் நாடு கடந்து பரவியது. சிறுமியர்க்கு அதன் கதவு 1974 இல் திறந்தது.

பேஸ்போலின் தங்கையெனத் தகும் சொப்ட்போல் ஆட்டமோ 1887 இல் சிக்காகோ நகரில் ஒரு கூரையின் கீழே பிறந்தது. குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கோலை மட்டையாக்கி அதனை முதலில் ஆடினர். யப்பானுக்குப் பேஸ்போல் சென்றது ஒரு பாடசாலை வழியாகும். ஹொரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1872 அளவில் தம் மாணவர்க்கு அதனைக் கற்பித்தார். 1915 இல் அந்நாட்டுப் பாடசாலைகளுக்கிடையே தேசியப் போட்டி தொடங்கிற்று. 1924 இல் கொஷியென் என்ற பெருமைதானம் எழுந்தது. இம்மூன்று வரலாறுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன. ஆட்டத்தைச் சிறுவரின் அளவுக்கு இறக்கிக் கொணரும் மனம் ஒருவர்க்கு இருத்தல் வேண்டும். அதற்கு இடம் ஒதுக்கும் அதிகாரமும் எவரிடமேனும் இருத்தல் வேண்டும்.

இலங்கையில் பேஸ்போலும் சொப்ட்போலும் பின்னாளில் வந்தவை. யப்பானியரின் உதவியுடன் கொழும்பு மாவட்டத்து ஹோமாகமைக்கு அண்மையில் பேஸ்போலுக்கென ஒரு மைதானமும் அமைந்துள்ளது. ஆயினும் அவ்வாட்டத்தின் சாயல் இத்தீவுக்குப் புதிதன்று. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் சிங்கள ஊர்களில் ஆடப்படும் ‘எல்லே’ என்னும் ஆட்டத்தில் மூங்கிற் கோலே மட்டை. அடிப்பவர்க்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. பந்தை அடித்தபின் குறித்த நிறுத்தங்களைச் சுற்றி ஓடி மீள வேண்டும். ஓடுகையில் பந்து உடலிற் பட்டால் ஆட்டமிழப்பு. தமிழ்ச் சிறுவர் கிட்டிப்புள் ஆடினர். பின்னர் தோட்டந்தோறும் வேரூன்றியது மென்பந்துக் கிரிக்கெட்டாகும். மென்பந்து என்றால் மலைநாட்டு இளைஞர்க்கு நினைவில் வருவது டெனிஸ் பந்துகொண்டு ஆடும் கிரிக்கெட்டே. காற்கவசமும் கையுறையும் அதற்கு வேண்டா. ஒரு பந்தும் ஒரு பலகையும் போதும். வேண்டுவதெல்லாம் கொஞ்சம் சமதரை.

அச்சமதரை எவரிடம் இருந்தது? கோப்பிப் பயிர் நோயுற்று அழிந்தபின், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைச்சரிவு முழுவதையும் தேயிலை மூடிற்று. புகையிரதப் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. பாதை நெடுகிலும் துரைமார் தமக்கென மன்றங்களை நிறுவினர். நுவரெலியாவில் 1876 இல் ஹில் கிளப்பும் 1889 இல் கோல்ப் மன்றமும் தோன்றின. டிக்கோயாவில் தரவளையிலும், திம்புளைப் பகுதியில் றதல்லையிலும் கிரிக்கெட் மைதானங்கள் பசும்புல் விரித்துக் கிடந்தன. அங்கு ஆடியோர் துரைமார். அத்தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கோ வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட லயத்து அறைகளே வீடு. லயத்துக்கு முன்னாலுள்ள ஒடுங்கிய வாசலே குழந்தைகளுக்கு முற்றமும் வீதியும் மைதானமுமாயிற்று. பெரட்டுக் களத்திலும் தொழிற்சாலை முன்றிலிலும் மாலை வேளைகளிற் பந்து உருண்டதாயின் அது துரையின் அனுமதியால் உருண்டதேயன்றி உரிமையால் அன்று.

மலையில் சமதரையை உண்டாக்குதல் இயலாத செயல் அன்று என்பதைக் கண்டியில் உள்ள அஸ்கிரிய மைதானம் காட்டுகிறது. திரித்துவக் கல்லூரியின் அதிபராயிருந்த ஏ. ஜி. பிரேசரின் காலத்தில், மலைச்சரிவு ஒன்றை வெட்டி நிரவி அம்மைதானம் சமைக்கப்பட்டது. அவ்வேலைக்கு ஆண்டுகள் பல சென்றன. 1915 இல் அது திறக்கப்பட்டது. 1983 இல் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் அங்கு டெஸ்ட் போட்டி ஆடின. ஒரு கல்லூரி அதிபர் மனங்கொண்டால் மலையும் வழிவிடும் என்பது இதனால் விளங்கும். தோட்டப் பாடசாலைகளுக்கு அத்தகைய அதிபரும் இல்லை. அத்தகைய நிதியும் இல்லை. ஓரறையும் ஓராசிரியருமாக இயங்கிய அப்பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே நெடுங்காலம் கிடந்தன. அவற்றை அரசு தன்வசம் ஏற்றது 1970களிலேதான்.

தோட்டத்து இளைஞர்க்கு மைதானம் கேட்டு வாதாட வேண்டிய ஊர்த்தலைவர்கள் எங்கிருந்தனர் என்னும் வினா இங்கே எழுகிறது. கேட்பவர்க்கு முதலில் வாக்கு வேண்டும். கிராமச் சபைச் சட்டம் 1937 இல் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் அச்சபைகளுக்கு வாக்களிக்கும் உரிமை பெறாது விடப்பட்டனர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நிலைமை சற்று மாறிற்று. இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையிலிருந்து கே. குமாரவேலுவும் பாராளுமன்றம் புகுந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்தம் பெயர்கள் நீங்கின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கென ஒரு பிரதிநிதியும் தெரிவாகவில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பும் ஏற்பாடாயிற்று. இந்நாட்டில் இருப்போமா, கப்பலேறுவோமா என்று குடும்பங்கள் ஏங்கிய நாளில், பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டும் என்று கேட்க எவர்க்கு நா எழும்?

கொத்மலையின் கதை இதனுடன் மற்றோர் இழையைப் பின்னுகிறது. 1977 ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதி மூன்று உறுப்பினரைத் தெரிவு செய்தது. அம்மூவருள் சௌ. தொண்டமான் ஒருவர், காமினி திசாநாயக்க மற்றொருவர். மகாவலி அபிவிருத்தியின் பொறுப்பு காமினி திசாநாயக்கவிடம் வந்தது. அவரே 1981 இல் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் தலைவருமானார். அவ்வாண்டிலேயே இலங்கை டெஸ்ட் தகுதி பெற்றது. அதன்பொருட்டு அவர் உழைத்த உழைப்பைக் கிரிக்கெட் உலகம் மறக்கவில்லை. அவருடைய அரசியல் குறித்துத் தமிழரிடையே கசப்பான நினைவுகள் உண்டு. அவை தனி வரலாறு. அவர் ஆட்சிக்காலத்தில் எழுந்ததே கொத்மலை அணையாகும். 1979 இல் வேலை தொடங்கி 1985 இல் முடிவுற்ற அவ்வணை 87 மீட்டர் உயரமும் 600 மீட்டர் நீளமும் உடையது. 2003 முதல் அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அணை எழுந்தபோது கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கு நீருள் மூழ்கியது. நெல்வயல்களும் விகாரைகளும் ஊர்களும் மறைந்தன. ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவருட் சிலர் வறண்ட வலயத்துக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். வேறு சிலர்க்கு அயலிலிருந்த தேயிலைக் காணிகள் பங்கிடப்பட்டன. மின்சாரம் நாட்டுக்கு வந்தது. அதன் பயன் பெரிது. ஆயினும் மலைகளுக்கு நடுவே இயற்கை தந்த சமதரையாகிய பள்ளத்தாக்கின் அடித்தளம் நீருக்கடியிற் போயிற்று. மேலே எஞ்சியது சரிவு. அச்சரிவிலேதான் சிங்களக் கிராமத்தவரும் தோட்டத் தமிழரும் தத்தம் பிள்ளைகளுக்கு இடந்தேட வேண்டியிருந்தது.

மைதானம் கிட்டினால் விளைவது யாது என்பதற்கு முத்தையா முரளிதரனின் வாழ்வு சான்று பகரும். அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். தந்தையார் கண்டியில் பிஸ்கட் உற்பத்தித் தொழில் நடத்தினார். ஆதலால் மைந்தர்க்குப் புனித அந்தோனியார் கல்லூரியின் வகுப்பும் மைதானமும் பயிற்றுநரும் கிட்டினர். 1992 இல் டெஸ்ட் அரங்கில் புகுந்த அவர் 2010 ஆம் ஆண்டு யூலையில் காலியில் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தி ஓய்வு பெற்றார். உலகில் வேறெவரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. அதே வம்சாவளியில், அதே காலத்தில், பூண்டுலோயாவிலோ புசல்லாவையிலோ இறம்பொடையிலோ லயத்து வாசலில் பந்து சுழற்றிய சிறுவர் எத்துணையர்! அவர்கள் கைகளில் இருந்த திறமையை எவரும் அளந்து பார்க்கவில்லை. பந்து உருண்டு தேயிலைச் செடிகளுள் மறைந்தது. ஆட்டமும் அத்துடன் முடிந்தது.

1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்து வைத்தன. வாக்கு மீண்டும் கைக்கு வந்தது. அதனுடன் தலைவர்களும் வந்தனர். மைதானங்களும் மெல்ல எழலாயின. நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரால் ஒரு விளையாட்டரங்கு அமைந்தது. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையகத் தமிழர்முன் உரையாற்றியதும் அம்மைதானத்திலேயே. ஹட்டனில் டன்பார் மைதானம் உண்டு. இளைஞர் கழகங்கள் தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மென்பந்துப் போட்டிகளை நடத்தின. தோட்டத் தலைவர், கோயிற் பரிபாலன சபையார், கடைவீதி வணிகர், பாடசாலை அதிபர் ஆகியோரே இப்போட்டிகளுக்குப் புரவலராயினர். வில்லியம்ஸ்போட்டில் ஸ்டொட்ஸ் ஏறிய படிகளை ஒத்த படிகளில் இவ்விளைஞரும் ஏறினர்.

எனினும் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. பிரதேச சபைகளை உண்டாக்கிய 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் நிதியைச் செலவிட்டு வேலை செய்வதற்குத் தடையாயிருந்தது. தோட்டத்து மக்கள் கொத்மலைப் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவ்வுறுப்பினர் தம்மைத் தெரிவு செய்தவரின் லயத்தருகே ஒரு பாதையைச் செப்பனிடவோ ஒரு திடலை நிரவவோ விரும்பினால் நிலம் தோட்டத்துக்குரியது என்ற விடையே கிடைத்தது. கிராமத்துச் சிறுவர்க்குச் சபை மைதானம் அமைக்கலாம். ஒரு வேலிக்கு அப்பால் வாழும் தோட்டத்துச் சிறுவர்க்கு அமைத்தல் அரிது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் இந்நிலை நீடித்தது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபைகள் பணிபுரிய வழி பிறந்தது. அவ்வாண்டிலேயே அம்பகமுவைச் சபையும் நுவரெலியாச் சபையும் மும்மூன்றாகப் பிரிந்து, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியன புதிய சபைகளாயின. 1937 இல் அடைக்கப்பட்ட கதவு எட்டுத் தசாப்தங்களின் பின்னரே முற்றாகத் திறந்தது.

கதவு திறந்தது என்பதால் மைதானம் தானே வந்துவிடாது. தேயிலை படர்ந்த சரிவை நிரவப் பணம் வேண்டும். மழைநீர் வடிய வாய்க்கால் வேண்டும். மண் சரியாதிருக்கத் தடுப்புச் சுவர் வேண்டும். நிலத்தைத் தர நிறுவனம் இசைய வேண்டும். சிறுமியரும் அங்கு அச்சமின்றி ஆட ஒரு நேரமும் ஓர் ஏற்பாடும் வேண்டும். கொழுந்து பறித்து மாலையில் மீளும் தாய்க்குத் துணையாக அடுப்படியில் நிற்கும் பெண்பிள்ளைக்கு மைதானம் அருகிலிருந்தும் தொலைவாகிவிடல் கூடும். அமெரிக்கக் கழகமே சிறுமியர்க்கு இடமளிக்க 35 ஆண்டுகள் கொண்டது. மலைநாடு அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டுவதில்லை.

ஆட்டம் பேஸ்போலாயினும் எல்லேயாயினும் மென்பந்தாயினும், பெயர் வேறாகலாம், தேவை ஒன்றே. கொத்மலையின் தேயிலை நாட்டில் ஒரு மைதானம் என்பது பொழுதுபோக்குக்காக விடப்பட்ட வெறும் புல்வெளி மட்டும் அன்று. இந்நிலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கும் பங்குண்டு என்பதற்கு அது கண்கூடான அத்தாட்சி. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அம்மலைகளை வெட்டி, படிகட்டி, பயிரிட்டுப் பிறர்க்குப் பொன் விளைவித்த கைகள், தம் பிள்ளைகளுக்காக ஒரு சிறு துண்டு நிலத்தை நிரவிக்கொள்ளல் மிகையான வேண்டுகோள் ஆகாது. சபைகளில் அமர்ந்திருப்போர் இன்று அதனைச் செய்யும் உரிமை பெற்றுள்ளனர். செய்வாரா என்பதையே மலையகத்து இளந்தலைமுறை நோக்கியிருக்கிறது.