வரிக்குதிரைக்கு வரி எதற்கு? சிங்கத்தை ஏமாற்ற இல்லை... ஈயை ஏமாற்ற!

வரிக்குதிரை வெள்ளை உடம்பில் கறுப்பு வரி போட்டதா, கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்டதா? பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. முடியை முழுசாக மழித்துவிட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். உள்ளே தோல் மொத்தமும் கறுப்பு. நிறமி சேராத முடிதான் வெள்ளையாக வளர்கிறது. அதாவது, கறுப்பு உடம்பில் வெள்ளை வரி.

ஆனால் அந்த வரியால் என்ன பயன் என்ற கேள்விதான் டார்வின் காலத்தில் இருந்தே விஞ்ஞானிகளைக் குழப்பி வந்தது.

சிங்கத்திடம் இருந்து தப்பிக்கத்தான் என்று நம்மில் பலர் நினைத்திருப்போம். புல்லுக்குள் மறைந்துகொள்ளலாம், கூட்டமாக ஓடினால் சிங்கத்தின் கண் குழம்பிவிடும் என்றெல்லாம் சொல்வார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கிட்டத்தட்ட உடைத்துவிட்டது. பகலில் 50 மீட்டர், மங்கிய வெளிச்சத்தில் 30 மீட்டர் தூரத்தைத் தாண்டிவிட்டால் சிங்கத்தின் கண்ணுக்கு வரி தனித்தனியாகத் தெரிவதே சிரமம். அவ்வளவு கிட்ட வரும் சிங்கம் அதற்குள் வாசனை பிடித்திருக்கும். சொல்லப்போனால், வரி உண்மையிலேயே காப்பாற்றியிருந்தால் சிங்கத்தின் சாப்பாட்டில் வரிக்குதிரைக்கு இவ்வளவு பெரிய இடம் இருந்திருக்காது.

குதிரைக்குச் சட்டை போட்ட ஆய்வாளர்கள்

அப்படியென்றால் யாருக்காக இந்த வரி? ரத்தம் குடிக்கும் ஈக்களுக்காக என்கிறார் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர் டிம் காரோ. ஆப்பிரிக்காவில் ஈக்கடி சாதாரண தொல்லை இல்லை. செட்சி ஈ பரப்பும் நோய் குதிரைகளைக் கொன்றே விடும். வரிக்குதிரையின் முடியும் மிகக் குட்டை என்பதால் ஈயின் ஊசிவாய் எளிதாகத் தோலைத் தொட்டுவிடும்.

இதைச் சோதிக்க அவரது குழு இங்கிலாந்தில் ஒரு குதிரைப் பண்ணைக்குப் போனது. சாதாரண குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி போட்ட துணி என்று மாற்றி மாற்றிப் போர்த்திவிட்டார்கள். வரித் துணியில் வந்து உட்கார்ந்த ஈக்கள் மிகக் குறைவு. ஆனால் துணி மூடாத தலையில் மட்டும் வழக்கம்போல ஈ மொய்த்தது! தூரத்தில் இருந்து ஈ சரியாகத்தான் வருகிறது. கிட்ட வந்ததும் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் மோதுகிறது, இல்லையென்றால் தாண்டிப் போய்விடுகிறது. 2019-ல் வெளியான முடிவு இது.

அதே ஆண்டில் ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வெள்ளை பெயின்ட்டால் வரி போட்டுப் பார்த்தார்கள். ஈக்கடி சுமார் பாதியாகக் குறைந்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு 2025-ல் இந்தக் குழுவுக்குக் கிடைத்தது.

குடும்பம் எப்படி?

வரிக்குதிரையில் மூன்று இனம்: சமவெளி, மலை, கிரேவி. சமவெளி வரிக்குதிரை குடும்பஸ்தன். ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று சேர்ந்தே வாழும். குட்டி பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் ஓடத் தொடங்கிவிடும். முதல் சில நாட்கள் தாய் மற்ற வரிக்குதிரைகளைக் கிட்டவே விடாது. அம்மாவின் வரி, வாசனை, குரல் மூன்றையும் குட்டி மனதில் பதிய வைக்கத்தான் இந்த ஏற்பாடு.

மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். துரத்திப் பிடித்தாலும் பின்னங்கால் உதை பலமாக விழும். லண்டனில் வால்டர் ராத்ஸ்சைல்ட் என்ற செல்வந்தர் வரிக்குதிரை வண்டியில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கே போய்க் காட்டினார். ஆனாலும் குதிரை போல அதை யாராலும் பழக்கி வளர்க்க முடியவில்லை.

எண்ணிப் பார்க்க உதவும் வரி

தென்னாப்பிரிக்காவில், பாதி உடம்புக்கு மட்டும் வரி கொண்ட குவாகா என்ற வகை இருந்தது. வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். கடைசி குவாகா 1883-ல் ஆம்ஸ்டர்டாம் உயிரியல் பூங்காவில் இறந்தது.

இப்போது அதே பயம் கிரேவி இனத்துக்கு. மெல்லிய நெருக்கமான வரி, வெள்ளை வயிறு, பெரிய வட்டக் காது என்று பார்த்ததும் அடையாளம் தெரியும். கென்யாவின் வடக்கிலும் எத்தியோப்பியாவிலும் சேர்த்து இன்று சுமார் 3,000 மட்டுமே மிச்சம். 1970-களின் இறுதியில் இது 15,000 அளவில் இருந்தது. மேய்ச்சல் நிலமும் தண்ணீரும் சுருங்கியதுதான் பெரிய அடி. 2022 வறட்சியில், பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் கென்யாவில் 49 கிரேவி வரிக்குதிரைகள் செத்தன.

மனிதர்களின் கைரேகை போல, ஒன்றுக்கு இருக்கும் வரி இன்னொன்றுக்கு இருக்காது. இதை வைத்துத்தான் 2016-ல் கென்யாவில் பொதுமக்களையே கேமராவோடு இறக்கிக் கணக்கெடுத்தார்கள். படங்களைக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, ஒரே விலங்கை இரண்டு முறை எண்ணாமல் பார்த்துக்கொண்டது. அந்த நாட்டில் மட்டும் சுமார் 2,350 என்று தெரிந்தது. படம் எடுக்கப் போனவர்களுக்கு ஒரு நிபந்தனை: வலது பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் ஒரே வரிக்குதிரைக்கே இடது பக்க வரி வேறு, வலது பக்க வரி வேறு.