ஒரே மலை, ரெண்டு காபி

நான் பெங்களூருல கோடு எழுதிப் பிழைக்கிற ஆள். ஒரு நாளைக்கு நாலு காபி கணக்கு. அந்தக் காபி விளையற ஒரு மலையோட கதைதான் இன்னைக்கு.

சத்தியமங்கலம் காட்டுக்கு வடக்கே, கர்நாடகாவின் சாமராஜநகர் மாவட்டத்துல இருக்கு பிளிகிரிரங்கன மலை. சுருக்கமா பிஆர் ஹில்ஸ். மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கிற காடு. அங்க காலங்காலமா வாழறவங்க சோளகர்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே மக்கள் இருக்காங்க. ச. பாலமுருகனோட 'சோளகர் தொட்டி' நாவலைப் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் புதுசில்ல.

இந்த மலையில ரெண்டு காபி இருக்கு. முதல் காபி வெள்ளைக்காரர் வெச்சது. 1880-களில் ராண்டால்ஃப் மோரிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அத்திக்கான்ல எஸ்டேட் போட்டார். அப்புறம் இன்னும் சில எஸ்டேட்டுகள் வந்துச்சு. நிலத்துக்குக் காகிதம் பக்காவா இருந்தது. சோளகர்கள்கிட்ட அப்படி ஒரு காகிதமும் கிடையாது. காட்டுல ஒரு துண்டை வெட்டி, எரிச்சு, ராகி விதைப்பாங்க. சில வருஷத்துல அதை விட்டுட்டு அடுத்த துண்டுக்கு நகர்ந்துடுவாங்க. விட்ட இடம் திரும்பக் காடாயிடும்.

1972-ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல இந்த மலை சரணாலயம் ஆச்சு. வேட்டை நின்னது, இடம் மாத்தி விதைக்கிறது நின்னது. சிதறிக் கிடந்த குடும்பங்களை 'போடு'ன்னு சொல்ற குடியிருப்புகள்ல உட்கார வெச்சாங்க. ஆனா காட்டுக்கு நடுவுல இருந்த எஸ்டேட்டுகள் அப்படியேதான் இருந்துச்சு. படிச்சுட்டு வரும்போது இந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சது. காகிதம் இருந்தவங்களோட காபி தங்கிடுச்சு. காகிதம் இல்லாதவங்களோட ராகி போயிடுச்சு.

ரெண்டாவது காபி இதுக்கப்புறம் வேர் விட்டது. ஒரே இடத்துல இருந்தே ஆகணும்னா, வருஷா வருஷம் காய்க்கிற பயிர் வேணும். காபிக்கு நிழல் வேணும், அதனால மரத்தை வெட்ட வேண்டாம். ராகி விதைச்சா யானையும் காட்டுப்பன்றியும் தின்னுட்டுப் போகும். காபிச் செடி மேல யானைக்கு அவ்வளவு ஆசை கிடையாது. வீட்டைச் சுத்தி ஓர் ஏக்கர், ரெண்டு ஏக்கர். பலா மரத்தடியில காபி, மரத்துல மிளகுக்கொடி. உரத்துக்கும் மருந்துக்கும் காசு ஏது? இலைச்சருகுதான் எரு. 'ஆர்கானிக்'னு நம்ம பாக்கெட்ல போடறது இதைத்தான்.

2006-ல இன்னொரு அடி. சரணாலயத்துல தேன், நெல்லிக்காய், பாசி எடுத்து விக்கக் கூடாதுன்னு தடை வந்தது. கைக்காசு தந்த வழி அதுதான். வீட்டோரக் காபியோட மதிப்பு அப்போதான் கூடிச்சு.

வேடிக்கை என்னன்னா, அதே 2006-லதான் வன உரிமைச் சட்டமும் பார்லிமெண்ட்ல நிறைவேறுது. 2005 டிசம்பர் 13-க்கு முன்னாடியே பழங்குடியினர் வனநிலத்தை அனுபவிச்சு வந்திருந்தா, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். 2011-ல பிஆர் மலை புலிகள் காப்பகம் ஆச்சு. சோளகர்களை வெளியே அனுப்பிடுவாங்களோங்கிற பயம் வந்தது. அதே வருஷம் அக்டோபர்ல 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைச்சது. புலிகள் காப்பகத்துக்குள்ள இப்படிக் கிடைச்சது இந்தியாவுல அதுதான் முதல் தடவை. நூறு வருஷத்துக்கு மேல எஸ்டேட்காரர் கையில இருந்த மாதிரி ஒரு காகிதம், கடைசியா இவங்க கைக்கும் வந்தது.

ஆனா ரெண்டு காகிதமும் ஒண்ணு இல்ல. வன உரிமைப் பட்டாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விக்க முடியாது. அதனால பெரிய எஸ்டேட் எதுவும் இந்தத் துண்டுகளை விலைக்கு வாங்கி விழுங்க முடியாது. அது நல்லது. ஆனா விளைச்சலுக்கு என்ன விலைன்னு அந்தக் காகிதம் சொல்றதில்ல. பழத்தைக் காய வெச்சு, வர்ற வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிற வீட்டுக்கு, பாக்கெட் மேல இருக்கிற 'ஆர்கானிக்' விலை போய்ச் சேர்றதில்ல. ஆர்கானிக் சான்றிதழ் வாங்கத் தனி ஆளால ஆகாது. குழுவா சேரணும், தோட்டக் கணக்கு எழுதணும், செலவு பண்ணணும்.

அடுத்த தடவை 'காட்டுக் காபி'ன்னு எழுதின பாக்கெட்டை எடுத்தா, எந்தக் காடுன்னு பாருங்க. அப்படியே யாரோட காபின்னும் கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.