மார்கழிப் பனியில் மேல்சித்தாமூர்

விடுதியில் எங்களோடு இருந்த நண்பன் ஒருவன் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவான். இருட்டிவிட்டால் அன்று பட்டினிதான். அவன் சமணன் என்று தெரிந்ததும் 'சேட்டு' என்று பட்டம் கட்டினோம். "டேய், எங்களுக்குத் தமிழை விட்டா வேற பாஷையே கிடையாதுடா" என்பான். யார் காதில் வாங்கினோம்?

பதினைந்து வருடம் கழித்து ஒரு மார்கழியில் அவன் என்னை மேல்சித்தாமூருக்கு அழைத்துப் போனான். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள சிற்றூர். விடியற்காலையில் வயல்மேல் பனி படுத்திருந்தது. அதற்குள்ளிருந்து கோபுரம் மெல்லத் தெரிந்தது. சிவன் கோயில் என்றுதான் நினைத்தேன். உள்ளே இருந்தவர் 23ஆம் தீர்த்தங்கரரான பார்சுவநாதர்! கோபுரம், மண்டபம், மரத்தேர் எல்லாம் நம்ம ஊர் வழக்கப்படியே.

பக்கத்தில் மலைநாதர் கோயில். அங்கே பாறையில் 9ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் இருக்கின்றன: பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர், அம்பிகை இயக்கி. ஆயிரம் வருடத்துக்கு மேலாக இங்கேயே இருப்பவர்களைத்தான் நாங்கள் 'சேட்டு' என்றோம்.

தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இவ்வூரில்தான் இருக்கிறது. மடாதிபதிக்கு இலட்சுமிசேன பட்டாரகர் என்பது பட்டப்பெயர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலிருந்து மடம் இங்கு வந்ததாகச் சொல்கிறார்கள்.

இப்பகுதிச் சமணரிடையே வழங்கும் ஒரு கதையை நண்பன் சொன்னான். 1478 வாக்கில் செஞ்சியை ஆண்ட நாயக்க மன்னனின் கோபத்துக்கு அஞ்சி, சமணர் பலர் நெற்றியில் திருநீறு பூசி மறைந்து வாழ்ந்தார்களாம். ஒருநாள் வீரசேனாசாரியர் என்பவர் குளக்கரையில் தண்ணீரைத் துணியால் வடிகட்டிக் குடித்தார். சிற்றுயிர் சாகக்கூடாது என்பது சமண வழக்கம். அதுவே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது! பிடித்துப் போனார்கள். அன்று அரண்மனையில் குழந்தை பிறந்திருந்ததால் மன்னன் அவரை விட்டுவிட்டானாம். அவர் சிரவணபெளகுளம் போய்ச் சேர்ந்தார். பிறகு தாயனூர் காங்கேய உடையார் அவரைத் திரும்ப அழைத்துவந்து, மறைந்திருந்தவர்களை மீண்டும் சமணத்தில் சேர்க்கச் செய்தார் என்று கதை முடிகிறது.

இவர்களால் தமிழுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நாம் பள்ளியில் உருப்போட்ட நன்னூல் சமண முனிவர் பவணந்தி எழுதியது. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரான உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயருக்குச் சந்தேகம் வந்தபோது கைகொடுத்தவர்கள் அவ்வூர்ச் சமணர்கள். அவர்கள் வீட்டில் அந்நூல் அப்போதும் பாராயணத்தில் இருந்தது! 1887இல் அது அச்சேறியது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் சுமார் 89,000 பேர். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் அதில் அடக்கம். நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர் அதிலும் ஒரு பகுதிதான்.

தம்பி, தங்கைகளே, உங்கள் விடுதியிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். பட்டம் கட்டுமுன் ஊரைக் கேளுங்கள். சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த முறை அவனும் சந்திப்புக்கு வருகிறான். விருந்தை இருட்டுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடலாமே!