கம்பளியும் கணக்கேடும்

மலையேறுவோன் சுமைகூடாது குளிர்காக்க எதனைப் போர்த்துவது? 19ஆம் நூற்றாண்டில் ஊவாவின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்க்கு இவ்வினா உயிர்ப்பிரச்சினையாயிற்று. மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். பதுளை அதற்கும் அப்பால். புகையிரதம் அந்நகரை அடைந்ததோ 1924இலேதான்.

சமவெளியிலிருந்து உடுத்துவந்த பருத்தி, நனைந்தால் உடலோடு ஒட்டிக் குளிரூட்டும். ஆட்டுரோமம் அவ்வாறன்று. அதன் சுருண்ட இழைகள் காற்றைச் சிறைப்பிடித்து நிற்பன. தம் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் ஓரளவு வெம்மை காப்பன. பின்னர்த் தேயிலை வந்தபோது, வடகீழ்ப் பருவமழையிற் கொழுந்து பறித்த பெண்ணுக்குக் கம்பளியே முக்காடு. முதுகிற் கூடை உறுத்தாதிருக்க மெத்தையும் அதுவே. இரவிற் போர்வையும் அதுவே. நனைந்த கம்பளியின் கனத்தை மட்டும் கழுத்தே அறியும்.

ஆயின், தெரிவு அணிந்தவருடையதன்று. தோட்டம் கம்பளியைக் கொடுத்தது. விலையைச் சம்பளத்திற் கழித்தது. வழிச்செலவுக் கடனோடு அரிசிக் கடனும் கம்பளிக் கடனும் சேர்ந்தன. பெருந்தோட்ட வரலாறு எழுதுவோர் ஏக்கரையும் ஏற்றுமதியையும் எண்ணுமளவிற்கு இக்கழிவுகளை எண்ணுவதில்லை என்பதே எம் குறை. பிற்காலத்திற் பொலித்தீன் விரிப்பு கம்பளியின் இடத்தைப் பெரிதும் பிடித்தது. அது இலேசானது, மழையைத் தடுக்கும், குளிரைத் தடுப்பதில்லை.