இலிதியமும் உரையாடலும்: இருதுருவ நோய்ச் சிகிச்சை வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மிகையெழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வந்து மனிதரை அலைக்கழிப்பது இருதுருவ நோய். அதன் எழுச்சி நிலையை இலிதிய உப்புத் தணிக்கும் என்பதை, மெல்பேண் நகரத்து உளமருத்துவர் ஜோன் கேட், பத்து நோயாளரை ஆதாரமாகக் கொண்டு 1949 செப்டெம்பரில் வெளியிட்டார்.

அப்பதின்மருள் முதல்வரின் வரலாறு பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுவதுண்டு. ஐந்து ஆண்டுகளாக எழுச்சி தணியாதிருந்த அவருக்கு 1948 மார்ச்சில் மருந்து தொடங்கப்பெற்றது. யூலையில் வீடு திரும்பினார். பழைய தொழிலையும் மேற்கொண்டார். பின்னர் நிகழ்ந்ததே நோக்கற்பாலது. நலமடைந்தவர் மருந்தில் அசட்டையானார்; ஈற்றில் அதனை நிறுத்தியும்விட்டார்; 1949 சனவரியில் மீண்டும் மருத்துவமனை வந்து சேர்ந்தார். கேட் இதனை மறைத்தாரல்லர். தமது கட்டுரையிலேயே குறித்துள்ளார். 1950இல் அந்நோயாளர் இலிதிய நஞ்சேற்றத்தால் இறந்தார்.

ஆக, இரு வினாக்கள் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டன. எவ்வளவு மருந்து கொடுப்பது என்பது ஒன்று. குருதியில் இலிதியத்தை அளந்தறியும் முறை பரவியதும் அதற்கு விடை கிடைத்தது. நலமாயிருப்பவரை மருந்து உட்கொள்ள இசைவிப்பது எங்ஙனம் என்பது மற்றது. அதற்கு இரசாயனத்தில் விடையில்லை. எனினும் மருந்தும் உரையாடலும் நெடுங்காலம் வெவ்வேறு பாதைகளிலேயே சென்றன. 1954இல் டென்மார்க்கில் மோகன்ஸ் ஷௌ குழுவினர் இலிதியத்தை ஒப்பீட்டு முறையிற் சோதித்தனர். அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் உளப்பகுப்பாளர் குழுவொன்று இந்நோயாளர் பன்னிருவரைப் பற்றிய தனது ஆய்வை வெளியிட்டது.

இரண்டையும் இணைத்த தொடக்க முயற்சிகளுள் சூசன் கொக்ரன் 1984இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. இலிதியம் பெற்றுவந்த 28 பேருட் பாதியினருக்கு, மருந்தைப் பற்றிய அவர்தம் எண்ணங்களை ஆராயும் ஆறு அமர்வுகள் நடத்தப்பட்டன. அவர்கள் மருந்தைக் கைவிடுவது குறைந்தது. மருத்துவமனை செல்வதும் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் வினாவைச் சரியாகப் பிடித்த ஆய்வு. மருந்தை மறுப்பது வெறும் அறியாமையன்று. எழுச்சியின் இன்பத்தை இழக்கும் துயரும் அதில் உண்டு. உளவியலாளர் கே ரெட்பீல்ட் ஜேமிசன், தாமே இந்நோய்க்கு ஆளாகி, நெடுநாள் இலிதியத்தை எதிர்த்து நின்றதை 1995இல் நூலாக எழுதினார். மருந்தும் உளச்சிகிச்சையும் ஆகிய இரண்டுமே தமக்கு வேண்டியிருந்தன என்பது அவர் சாட்சியம்.

2003இல் வெளியான பார்சிலோனா ஆய்வொன்றில், மருந்து பெற்றுவந்த 120 பேர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றினர் 21 அமர்வுகளில் நோயைப் பற்றிக் கற்றனர். மற்றையோர் கூடிப் பேசினர், அவ்வளவே. கற்றவர்களிடையே நோய் மீள்வது குறைந்தது. பிரித்தானியாவில் 2006இல் வெளியான, 253 பேரைக் கொண்ட ஆய்வோ வேறு முடிவைத் தந்தது. மொத்தத்தில் உரையாடற் சிகிச்சையாற் பயன் காணப்படவில்லை. நோய் பன்னிரு முறைக்குக் குறைவாகத் தாக்கியிருந்தவர்களிடத்தே மட்டும் அது பயன் தந்ததாகத் தோன்றியது.