நாமும் நாங்களும்: முத்துக்குளித்துறையில் ஓர் இலக்கணம்

ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணம் முத்துக்குளித்துறையில் பிறந்தது. 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூர்க்காரர் உதவியோடு மொழிபெயர்த்த ஜெபங்களை மனப்பாடம் செய்து பரதவர் ஊர்களில் ஓதினார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' வர வேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்று வந்திருந்ததை அவரே பிறகு கண்டுபிடித்து, 1544இல் உடன் ஊழியர் மான்சிலாசுக்கு எழுதித் திருத்தச் சொன்னார். காதால் கற்ற மொழியின் ஆபத்து அது.

1547இல் வந்த ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளார் மொழியை முறையாகக் கற்று, 1549 வாக்கில் போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். லத்தீன் இலக்கணமே அவருக்கு அச்சு. ஆனால் அந்த அச்சில் அடங்காத இடங்கள் தமிழில் உண்டு.

முதலாவது, 'நாம்', 'நாங்கள்'. லத்தீனிலும் போர்த்துகீசியத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல். தோணியில் முக்குளிப்பவர் அதன் தலைவரான தண்டேலிடம் "நாங்க இறங்குறோம்" என்றால் தண்டேல் மேலேயே இருக்கலாம். "நாம இறங்குவோம்" என்றால் அவரும் கடலில் இறங்க வேண்டியதுதான். கேட்பவரைச் சேர்த்துச் சொல்வதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர் தமிழ் இலக்கணிகள். கடவுளை நோக்கிச் சொல்லும் ஜெபத்தில் 'எங்கள் பிதாவே' என்பதே சரி. 'நம் பிதாவே' என்றால் கேட்கும் கடவுளும் பிள்ளைகளில் ஒருவராகிவிடுவார். சபையாரிடம் பேசும்போதோ 'நம் ஆண்டவர்' என்றுதான் சொல்ல முடியும்.

இரண்டாவது, எண்ணும்மை. அதே பொருள் தரும் லத்தீனின் 'குவே' பொதுவாகக் கடைசிச் சொல்லோடு ஒரு முறை ஒட்டும். தமிழின் 'உம்' ஒவ்வொரு சொல்லிலும் நிற்கும்: சிப்பியும் சங்கும் எடுத்தார்கள். 'சிப்பியும் சங்கு எடுத்தார்கள்' என்றால் வாக்கியம் நொண்டும்.

ஹென்றிக்ஸின் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூல் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. இலக்கணத்துக்கு அந்த யோகம் இல்லை. 'நாம்', 'நாங்கள்' போன்ற வேறுபாட்டை விளக்கி ஐரோப்பாவில் முதலில் அச்சான நூல், பெரு நாட்டுக் கெச்சுவா மொழிக்கு 1560இல் வெளிவந்த இலக்கணம். ஹென்றிக்ஸின் கையெழுத்துப்படி லிஸ்பன் நூலகத்தில் கிடந்து, 1982இல்தான் அச்சு வடிவம் கண்டது.