கரப்புடுப்புக்குள் இருப்பவர்

இரட்டை வேடம் போடுகிறவரைப் பழிக்கத் தமிழில் பழமொழிக்குப் பஞ்சமில்லை. படிப்பது திருவாசகம், இடிப்பது சிவன் கோயில் என்போம். சாத்தான் வேதம் ஓதுகிறது என்போம். ஊருக்குத்தான் உபதேசம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தட்டுப்படும். அடி விழுவதெல்லாம் ஆளுக்குத்தான். திருவாசகத்துக்கோ வேதத்துக்கோ உபதேசத்துக்கோ ஒரு கீறலும் இல்லை. சொல்லப்போனால், திருவாசகம் புனிதமானது என்று கேட்கிறவர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால்தான் அந்தப் பழமொழி சுடும். பழமையைக் காக்கப் புறப்பட்ட அரசியல்வாதிகளின் பொய்முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்புக்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன். மட்டக்களப்பு வாவிக் கரையையும் அதற்கு வெளியே இலங்கை அரசியலையும் கடந்த நூறாண்டில் வைத்துப் பார்த்தால், அந்தச் சிரிப்பு சில வேளை ஆளைக் கவிழ்த்திருக்கிறது. அவர் வாயால் சொன்ன கொள்கையையோ முன்னிலும் உரமாக்கிவிட்டுப் போயிருக்கிறது.

வாழைச்சேனையைக் கடந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று நீரின் பெயர் கொண்ட ஊர்கள் வரிசையாக வரும். கோறளைப்பற்று வடக்கு என்று கச்சேரிக் கடிதங்களிலும் வாகரைப் பக்கம் என்று பேச்சிலும் சொல்லப்படும் கரை இது. தமிழ் பேசும் கரையோர வேடரின் கரையும் இதுவே. 1911இல் வேடரைப் பற்றி நூல் எழுதிய செலிக்மன் தம்பதியர் இவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். இந்தக் கரை உட்பட மட்டக்களப்புத் தமிழகம் முழுவதற்கும் பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தது பத்திரிகையல்ல, கூத்து. வடமோடிக் கூத்தின் அரசன் களரிக்குள் வரும்போது அவன் இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் உடுப்புக்குக் கரப்புடுப்பு என்று பெயர். கரப்பு என்பது கோழியைக் கவிழ்த்து மூடுகிற, ஆழமற்ற நீரில் மீனைக் குத்திப் பிடிக்கிற கூடை. அந்தக் கூடை வளையத்தின் மேல்தான் துரியோதனனின் மாட்சி நிற்கிறது. உள்ளே இருப்பவர் விடிந்ததும் வயலுக்கோ தோணிக்கோ போக வேண்டியவர் என்பது களரியைச் சுற்றி அமர்ந்த எல்லோருக்கும் தெரியும். இதைவிடச் சுருக்கமாக அதிகாரத்தைக் கேலி செய்ய முடியுமா என்று தோன்றும். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரனே முழுக் கோமாளி. இங்கே அவன் வேலை பெரும்பாலும் அரசன் வரவைக் கூறுவது. நகை சிறு பாத்திரங்களிடமும் இடைவெளிகளிலும் சிதறிக் கிடக்கிறது. ஆனால் எங்கே சிதறினாலும் அது அரசனின் ஆடையைத் தொடும், அரசாட்சியைத் தொடாது. களரியின் முன்னால் இருந்த நிலவுடைமையாளரான போடியாரும் கோயில் வண்ணக்கரும் அதனால்தான் மனம் விட்டுச் சிரித்தார்கள். போடியாருக்கும் அவர் வயலில் வேலை செய்த முல்லைக்காரனுக்கும் இடையிலான கணக்கு அந்தச் சிரிப்பால் ஒரு மரைக்கால் நெல்லும் மாறவில்லை.

கொம்புமுறி விளையாட்டில் இந்த ஏற்பாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். வீ. சீ. கந்தையா தம் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் (1964) விரிவாகச் சொல்லும் சடங்கு இது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இரு பக்கமும் இழுக்கும். இழுப்பதற்கு முன்னும் பின்னும் வசை. எதிர்ச் சேரியின் பெருமை, பவிசு, வீட்டு விவகாரம் என்று ஒன்றையும் மிச்சம் வைக்காத வசை. ஆண்டு முழுவதும் மரியாதையாகப் பேசிய மச்சானை மச்சான் கிழித்துத் தொங்கவிடலாம். கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டே விரலிடுக்கால் கேட்கலாம். ஆனால் இத்தனை வசையும் கண்ணகி அம்மனைக் குளிர்விக்கத்தான். மழை பொய்த்தால், நோய் பரவினால் அம்மன் மனம் ஆற வேண்டும் என்பதற்காக ஊர் தன்னையே ஏசிக்கொண்டது. ஏசி முடிந்தபின் சேரிகள் இரண்டும் ஒரே வாசலில் கும்பிட்டன. வசை இங்கே ஒழுங்கைக் குலைக்கும் கருவியல்ல, ஒழுங்கைக் கழுவித் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைக்கும் துணி.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதற்கு முன் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவில்தான் வாக்குரிமை இருந்தது. டொனமூர் ஆணைக்குழு 1927இல் வந்திறங்கியபோது இலங்கைத் தேசியக் காங்கிரஸ் பெரியவர்கள் சொத்து, வருமானம் என்று வேலி போடச் சொன்னார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் எல்லோருக்கும் வாக்கு என்பதை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆணைக்குழு அவர்கள் கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டது. கொடுத்த பிறகுதான் வேடிக்கை. ஆங்கிலத்தில் வளர்ந்து, ஞாயிறு தேவாலயம் போன கனவான்கள் சிலர் வெண்ணிற ஆடைக்கும் விகாரைக்கும் மாறினார்கள். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘டொனமூர் பௌத்தர்’. அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து ஒக்ஸ்போர்டில் படித்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவுக்கும் அந்தப் பட்டம் ஒட்டியது. நல்ல பட்டம்தான், ஆனால் அது சொன்னது என்ன? நீ போதிய அளவு பௌத்தனல்ல என்று சொன்னது. மதத்தை வாக்குப் பெட்டிக்குள் கொண்டுவருவது சரியா என்று அது கேட்கவில்லை. பட்டம் வாங்கியவர்களுக்கு அதிலிருந்து தப்ப ஒரே வழிதான் இருந்தது: இன்னும் உரத்த பௌத்தராவது.

அந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1956 காட்டியது. ஐக்கிய தேசியக் கட்சியை அப்போதே மாமன் மருமகன் கட்சி என்றுதான் நையாண்டி செய்தார்கள், டி. எஸ். சேனநாயக்காவுக்குப் பின் மகன் டட்லி, அவருக்குப் பின் உறவினர் சேர் ஜோன் கொத்தலாவலை என்று பதவி வீட்டுக்குள்ளேயே உருண்டது. 1954இல் யாழ்ப்பாணத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து என்று வாக்குக் கொடுத்த சேர் ஜோன், 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் தம் கட்சியைச் சிங்களம் மட்டும் என்ற தீர்மானத்துக்குக் கொண்டுவந்தார். தமிழர் பார்வையில் பொய்முகம் என்றால் இதுதான் பொய்முகம். ஆனால் அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் தெற்கு முழுவதும் சுற்றிய புகழ்பெற்ற கேலிச்சித்திரம், மாற யுத்தம், இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. புத்தருக்கு எதிராகப் படைதிரட்டி வரும் மாறனாக, யானைமேல் சேர் ஜோன். கையில் புத்தர் சிலையை நோக்கிய ஈட்டி. பின்னால் மேல்நாட்டு நடனம், மது, கன்றின் இறைச்சி. புத்த ஜயந்தி ஆண்டில் பௌத்தத்தின் காவலர் என்று சொல்லிக்கொண்டவர் வீட்டு விருந்தை அது தெருவுக்கு இழுத்துவிட்டது. ஐக்கிய தேசியக் கட்சி எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணி 51 பெற்றது. சித்திரம் மட்டுமே ஆட்சியைக் கவிழ்த்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1953 ஹர்த்தாலின் ஆத்திரம் இருந்தது, பிக்குகளின் பிரசாரம் இருந்தது. ஆயினும் சிரிப்பு எந்தப் பக்கம் முகம் வைத்துச் சிரித்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இறைச்சி தின்றவர் போனார். அவர் அரைமனத்தோடு எடுத்த தீர்மானம் அதே ஆண்டு ஜூன் மாதம் முழுமனத்தோடு சட்டமூலமாக வந்தது. அந்த மாதமே கிழக்கில் கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது இலேசான மறுப்புமல்ல. வலியவனை அவன் சொல்லாலேயே மடக்குவதைத் தவிர எளியவனுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது? முல்லைக்காரன் போடியாரிடம் நிலவுடைமை தப்பு என்று சொன்னால் அடுத்த போகத்துக்கு வயல் இல்லை. கோயிலில் அன்னதானம் கொடுக்கிற கை களவெட்டியில் ஏன் குறுகுகிறது என்று பகிடியாகக் கேட்டால், போடியார் சிரித்தபடியே ஒரு மரைக்கால் கூடப் போடக்கூடும். உண்மைதான். கூத்தின் உலகத்துக்கு, வாக்கு இல்லாத உலகத்துக்கு, இந்தப் பகிடிதான் கிடைத்த நீதி. ஆனால் அங்கே போடியாரின் அறம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதன்படி அவர் நடந்தால் முல்லைக்காரனுக்கு நெல் கிடைத்தது. 1956இல் காக்கப்படுவதாகச் சொன்ன அறத்துக்குள் மாங்கேணிக்காரருக்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட கொள்கையை ஒருவர் பொய்யாகப் பின்பற்றுவதே மற்றவருக்கு நிம்மதி. களனிக்கு முந்திய சேர் ஜோனின் அசட்டை, அவருக்குப் பின் வந்தவர்களின் பற்றுறுதியைவிடத் தமிழருக்கு ஆபத்துக் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ளக் கசக்கும்; கணக்கு அப்படித்தான் வருகிறது.

மாங்கேணி இருப்பது கல்குடாத் தொகுதியில். அங்கே 1965 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு நாடாளுமன்றம் போனவர் ஐக்கிய தேசியக் கட்சியின் கே. டபிள்யூ. தேவநாயகம். (காட்டு யானையை விரட்டப் பந்தம் கட்டும் ஊர்கள் யானைச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டதில் தனியே ஒரு பகிடி இருக்கிறது, அதை வாகரைக்காரரே சொல்லட்டும்.) 1977இல் அந்தக் கட்சி 168 ஆசனத்தில் 140ஐப் பிடித்தது. ஜே. ஆர். ஜயவர்த்தன தர்மிஷ்ட சமுதாயம் அமைப்பதாகச் சொல்லி வந்தவர். தேவநாயகம் நீதியமைச்சர். 1979இல் வந்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்ட ஜனாதிபதி, 1982 டிசம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பில் விளக்கா குடமா என்று நாட்டைக் கேட்டுத் தேர்தலையே ஆறாண்டு தள்ளிப்போட்டார். தர்மிஷ்ட என்ற சொல் பகிடிச் சொல்லானது. அதைப் புத்தகத் தலைப்பாகவே வைத்து எழுதியவர் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. அதே 1982இல் கொழும்புக் கூட்டமொன்றில் அவரைக் குண்டர்கள் அடித்தார்கள். தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த நாடகம என்ற வடிவத்தை எடுத்து 1956 நவம்பரில் ‘மனமே’யை மேடையேற்றியவர் இவர்தான். அந்த வெற்றியைப் பார்த்துத்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து ஆசான்களான அண்ணாவிமாரைத் தேடிப் போனார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்படிப் பிறந்தவை. சரச்சந்திரவின் துணிவில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அவர் குற்றச்சாட்டின் மையமும் பழைய பண்பாடு காசுக்கு விற்கப்படுகிறது என்பதே. தர்மத்தை அரசு கையில் எடுக்கலாமா என்று கேட்டவர்கள் அன்று மிகச் சிலர்.

பொய்முகமே இல்லாத பழமைவாதி வந்தால் இந்தப் பகிடி என்ன செய்யும்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்து நின்ற சி. சுந்தரலிங்கம் அப்படிப்பட்டவர். ஒக்ஸ்போர்டில் படித்த கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் அரசை விட்டு வெளியேறியவர். உள்ளொன்று புறமொன்று இல்லை. 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தபோதும் இலண்டன் கோமறைக் கழகம்வரை போய்த் தம் பக்கத்தை வாதாடினார். இவரைப் பார்த்துப் படிப்பது திருவாசகம் என்று சொன்னால், ஆம், அதைக் காக்கத்தான் நிற்கிறேன் என்பார். அப்போதுதான் வேறு வகைச் சிரிப்புத் தேவைப்பட்டது. என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகம் அந்தக் கோயில் நுழைவுப் போராட்டத்திலிருந்து பிறந்து, அம்பலத்தாடிகள் நாடகக் குழுவின் கையில் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஊர் ஊராக ஆடப்பட்டது. அது வாசலில் நின்றவரின் நேர்மையைச் சோதிக்கவில்லை. கந்தனையே வாசலுக்கு வெளியே நின்றவர்கள் பக்கம் கூட்டிவந்துவிட்டது. 1969இல் மட்டக்களப்பாரான சி. மௌனகுரு வடமோடியில் எழுதிய ‘சங்காரம்’ சாதியையும் இனவெறியையும் அரக்கர்களாகவே களரியில் ஏற்றியது. ஆளுக்குப் பதில் கொள்கைக்கே கரப்புடுப்புக் கட்டிய முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று.

இவை பிரசாரம், நகைச்சுவை அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. ‘சங்காரம்’ விடயத்தில் அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அரக்கன் அரக்கனாகவே வந்தால் சிரிக்க இடம் குறையும். அதே ஆண்டுகளில் கேலிச்சித்திரக்காரர் சிவஞானசுந்தரம் ‘சிரித்திரன்’ இதழின் பக்கங்களில் சவாரித் தம்பரையும் மிஸிஸ் டாமோடிரனையும் கொண்டு சிரிக்க வைத்தார், ஆனால் அவர்களை நாம் விரும்பவும் வைத்துவிட்டார். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கடினமான வேலை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கூத்தரும் சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்ய உட்கார்ந்தபோது எடுத்துக்கொண்டது அந்த வேலையைத்தான். அரசனைக் கேலி செய்வது பற்றி அங்கே தகராறு இல்லை, அது எப்போதும் அனுமதிக்கப்பட்டதுதான். தகராறு, பெண்ணையும் சாதியில் தாழ்த்தப்பட்டவரையும் இறக்கிக் காட்டும் பழைய வரிகளைப் பற்றியது: தாளக்கட்டு குலையாமல் எந்த வரியை எடுப்பது, எடுத்த இடத்தில் எதைப் போடுவது, அதற்குச் சபை சிரிக்குமா என்பது.